திருகாணியும் திருப்புளியும்

மன்ற மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த செயலாளர், நான் எடுத்துக்கொண்ட பொருளைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். "ஒருவர் காப்பியத்தைப் பற்றி எழுதுகிறார், ஒருவர் விண்வெளியைப் பற்றி எழுதுகிறார், நீ திருப்புளியைப் பற்றியா எழுதப் போகிறாய்?" என்றார். ஆம், திருப்புளியைப் பற்றித்தான். அதிலும் எல்லாத் திருப்புளிகளையும் பற்றியன்று. நம்மூர்க் கடைக்காரர் 'ஸ்டார்' என்று எடுத்துத் தரும், நுனியில் கூட்டற்குறி வடிவம் கொண்ட அந்த ஒன்றைப் பற்றி.

சிரித்த செயலாளரின் வலது முழங்காலில் ஒரு தழும்பு இருக்கிறது. அந்தத் தழும்புக்கும் திருப்புளிக்கும் உள்ள உறவை நான் நினைவூட்டியதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "சரி, எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். காசிக்கு வந்த முதல் ஆண்டில் நானும் அவரும் சேர்ந்து, படிப்பை முடித்து ஊர் திரும்பிய ஒரு மாணவரிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினோம். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டி. அதன் கைப்பிடி அருகே பிரேக் எண்ணெய் நிற்கும் சிறு கிண்ணம் ஒன்று உண்டு. எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட அதன் பக்கத்தில் ஒரு சிறு கண்ணாடி; மேலே ஒரு மூடி; மூடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு சிலுவைத் திருகாணிகள். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஊற்ற வேண்டுமானால் மூடியைத் திறக்க வேண்டும். விடுதியில் கேரம் பலகை இருக்கும் அறையில் ஒரு திருப்புளி கிடந்தது. அதை எடுத்துத் திருகினோம். ஒரு திருகாணி வந்தது. மற்றது வரவில்லை. மீண்டும் அழுத்தித் திருகினோம். 'கறக்' என்றொரு ஓசை கேட்டது. பார்த்தால், சிலுவையாக இருந்த பள்ளம் வட்டமான குழியாக மாறியிருந்தது.

பல்கலைக்கழக வாயிலுக்கு வெளியே உள்ள கடைத்தெருவுக்கு 'லங்கா' என்று பெயர். அங்கே ஒரு பட்டறைக்கு வண்டியைத் தள்ளிச் சென்றோம். அங்கிருந்த பையன் இன்னும் பெரிய, இன்னும் மழுங்கிய திருப்புளியைக் கொண்டு குழியை ஆழப்படுத்தினான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "சல் ஜாயேகா" என்றான். ஓடிவிடும் என்பது பொருள். ஓடியது, ஆறு வாரம். ஒரு மாலையில் ராஜ்காட் பாலத்தைக் கடந்து நகரை நோக்கி இறங்கும்போது செயலாளர் பிரேக்கைப் பிடித்தார். பிடி எவ்விதத் தடையுமின்றிக் கைப்பிடியோடு வந்து ஒட்டிக்கொண்டது. எண்ணெய் தீர்ந்து குழாயில் காற்றுப் புகுந்திருந்தது. காய்கறி வண்டி ஒன்றில் மோதி விழுந்தார். காய்கறிக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு முழங்காலோடு போயிற்று. எதிரே பேருந்து வந்திருந்தால் இந்த மலருக்கு வேறொரு செயலாளர் கட்டுரை கேட்டிருப்பார்.

இதில் யாரைக் குறை சொல்வது? பட்டறைப் பையனையா? வண்டியை விற்றவரையா? நான் நெடுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் முதற்குற்றம் எங்களுடையது. திருகாணி கெட்டது விதியால் அன்று. எங்கள் கையில் வலிமை இல்லாததாலும் அன்று. பொருந்தாத கருவியைப் பொருந்துவதாக நம்பியதால் கெட்டது. முற்றிலும் பொருந்தாத கருவி தீங்கு செய்யாது. அது உள்ளேயே போகாது. பொருந்துவதுபோலத் தோன்றும் கருவிதான் கெடுக்கும். இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவே. மற்றவையெல்லாம் இதற்கு விளக்கம்.

கூட்டற்குறித் திருகாணி பரவத் தொடங்கிய நாடு அமெரிக்கா. போர்ட்லந்து நகரில் ஜான் தாம்ஸன் என்பவர் கண்ட கருத்தை ஹென்றி பிலிப்ஸ் என்பவர் பெற்றுத் திருத்தி, 1936ஆம் ஆண்டில் காப்புரிமை வாங்கினார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் காடிலாக் கார்களில் அதனைப் பயன்படுத்தத் தொடங்கியதும் உலகெங்கும் அது பரவியது. ஒற்றைப் பிளவுள்ள திருகாணியில் கருவி பக்கவாட்டில் வழுக்கும். சிலுவைப் பள்ளத்திலோ நுனி தானே நடுவில் அமர்ந்துகொள்ளும். வரிசையாக நின்று விரைந்து முடுக்கும் தொழிற்சாலைக்கு அது பெரிய வசதி.

ஆனால் அந்தப் பள்ளத்தின் சுவர்கள் செங்குத்தானவை அல்ல. கீழே போகப் போகக் குறுகுபவை. சாய்ந்த சுவரை நுனி தள்ளும்போது விசையின் பெரும்பகுதி திருகாணியைத் திருப்புகிறது. ஒரு பகுதி கருவியை மேல்நோக்கித் தள்ளுகிறது. முறுக்க முறுக்க அந்த மேல்விசையும் கூடும். நம் கை கீழ்நோக்கி அழுத்தும் விசையும் உராய்வும் சேர்ந்து அதனை அடக்க முடியாதபோது நுனி குதித்து வெளியேறுகிறது. வெளியேறும்போது பள்ளத்தின் விளிம்பைச் சீவிக்கொண்டே போகிறது. அதிகமாக முறுக்கிவிடாமல் காக்கும் நல்ல குணம் இது என்று சொல்வோர் உண்டு. தொடக்கத்திலேயே அப்படி எண்ணி வடிவமைத்தார்களா என்பது வழக்காடப்படும் செய்தி. எண்ணினார்களோ இல்லையோ, இறுகிப்போன திருகாணியைக் கழற்ற வருகிறவனுக்கு அந்தக் குணம் பகையே.

சிலுவைத் திருகாணி ஜப்பானுக்குப் போனதைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஹோண்டா நிறுவனத்தைத் தோற்றுவித்த சொய்சிரோ ஹோண்டா 1954-இல் ஐரோப்பா சென்றபோது, ஒரு தொழிற்சாலையில் கிடந்த சிலுவைத் திருகாணியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாராம். ஜப்பானியர் அதற்குப் 'பிளஸ்' என்றும், ஒற்றைப் பிளவுக்கு 'மைனஸ்' என்றும் பெயர் வைத்துக்கொண்டார்கள். தமக்கென்று ஓர் அளவுமுறையையும் வகுத்துக்கொண்டார்கள். அதைச் சுருக்கமாக ஜே.ஐ.எஸ். என்பர். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் பிலிப்ஸ் திருப்புளியின் நுனி சற்று நீண்டு கூராக இருக்கும். அதன் நான்கு சிறகுகளும் சேரும் மூலைகள் உருண்டிருக்கும். ஜப்பானிய நுனி சற்று மொட்டை, மூலைகள் கூர்மை. ஆகவே பிலிப்ஸ் திருப்புளியை ஜப்பானியத் திருகாணியில் வைத்தால், சிறகுகள் சுவரை முழுவதும் தொடுவதற்கு முன்பே நுனி அடியைத் தொட்டுவிடும், அல்லது மூலை முட்டிக்கொள்ளும். தொடும் பரப்புக் குறைந்தால் அதே விசைக்கு அழுத்தம் கூடும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். அழுத்தம் உலோகத்தின் தாங்குதிறனைக் கடந்ததும் பள்ளம் குழியாகிறது. ஜப்பானிய நுனி பிலிப்ஸ் திருகாணியில் பெரும்பாலும் நன்றாகவே அமரும். ஆனால் பிலிப்ஸ் நுனி ஜப்பானியத் திருகாணியில் அவ்வாறு அமர்வதில்லை.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் நாட்டுச் சாலைகளின் கதையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1955 முதல் சென்னையில் உருவான புல்லட் முதலிய பழைய வண்டிகள் ஆங்கிலேய மரபில் வந்தவை. 1980-களில் காற்று திசை மாறியது. 1984-இல் நம் ஓசூரிலிருந்து சுசுகியின் கூட்டுறவோடு வண்டி வெளிவந்தது. 1985-இல் ஹீரோ ஹோண்டாவும், யமஹாவின் ஆர்.எக்ஸ். 100 வண்டியும் வந்தன. கவாசாகி பஜாஜோடு கைகோத்தது. அந்தக் கூட்டுறவுகளிற் பல பின்னர்ப் பிரிந்துவிட்டன. ஆனால் ஜப்பானிய வடிவமைப்பும் அதன் திருகாணியும் நம்மோடு தங்கிவிட்டன. எஞ்சின் உறையில், கார்புரேட்டர்க் கிண்ணத்தில், பிரேக் எண்ணெய் மூடியில் அவை இருக்கின்றன. வண்டி மாறியது, வீட்டிலிருந்த திருப்புளி மாறவில்லை.

சைக்கிளும் இதற்கு விலக்கன்று. என் தந்தையார் திண்டுக்கல்லில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பழைய சைக்கிள்களில் நட்டும் போல்ட்டுமே மிகுதி. ஸ்பேனர் இருந்தால் போதும். கியர் சைக்கிள் வந்தபிறகுதான் அவருக்கும் சிலுவைத் திருகாணியோடு பழக்கம் ஏற்பட்டது. சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் டிரெய்லர் என்ற உறுப்பில் இரண்டு சிறிய திருகாணிகள் உண்டு. சங்கிலி எல்லை தாண்டிச் சக்கரக் கம்பிக்குள் விழாமல் காப்பவை அவை. ஷிமானோ முதலிய ஜப்பானிய நிறுவனங்களின் பழைய டிரெய்லர்களில் இவை ஜப்பானியச் சிலுவையாகவே இருக்கும். அவற்றின் தலையைக் கெடுத்துவிட்டால் கியரைச் சரிசெய்யவே முடியாது. எங்கள் பிரேக் கதையைத் தொலைபேசியில் சொன்னபோது தந்தையார் கேட்ட முதற்கேள்வி இது: "ஏன்டா, வெளிச்சத்துல வச்சு நுனியைப் பாத்தியா? மழுங்குன நுனியை வச்சுக்கிட்டுத் திருகாணியைத் திட்டுனா அது என்னடா பண்ணும்?"

நான் பார்க்கவில்லை. முதுகலை வேதியியல் படிக்கிறேன்; தராசில் நான்காம் தசமம் வரை எடை பார்க்கிறேன்; திருப்புளியின் நுனியைப் பார்க்கவில்லை!

பிரேக் எண்ணெயைப் பற்றியாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்று பெரும்பாலான வண்டிகளில் உள்ளது கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்த நீர்மம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்று குறிக்கப்பட்ட எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியசில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 பாகையாகக் குறைகிறது. பிரேக் சூடேறும்போது உள்ளே எண்ணெய் கொதித்தால் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். ஆவியை அமுக்கலாம், அதனால் பிரேக்கை அமுக்க முடியாது. ஆகவேதான் ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றச் சொல்கிறார்கள். மாற்ற வேண்டுமானால் மூடியைத் திறக்க வேண்டும். திறக்கத் திருகாணி நலமாக இருக்க வேண்டும். ஒரு திருகாணியின் தலை கெட்டால் கெடுவது அந்தத் திருகாணி மட்டுமன்று. அதற்குப் பின்னால் உள்ள பணி முழுவதும் தள்ளிப்போடப்படுகிறது. தள்ளிப்போட்ட பணி ஒருநாள் பாலத்திறக்கத்தில் வந்து கணக்குக் கேட்கிறது.

எங்கள் மூடியை முடிவில் திறந்தவர் ஒரு முதியவர். நம்மூரில் மேஸ்திரி, இங்கே மிஸ்திரி. துணிச்சுருளை விரித்து இரண்டு திருப்புளிகளை எடுத்து என் முகத்தருகே பிடித்தார். ஒன்று கூர்நுனி, ஒன்று மொட்டை நுனி. "முப்பது வருஷமாக இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறேன்" என்றார். கெட்டுப்போன திருகாணிக்கு இரண்டும் உதவா என்று சொல்லிவிட்டு, அதன் தலையோரத்தில் சிற்றுளியை வைத்து, இடஞ்சுழியாக மெல்ல மெல்லத் தட்டினார். பத்து நிமிடத்தில் அது அசைந்தது. எங்கள் இளமையின் வலிமை ஆறு வாரத்துக்கு முன் செய்ய முடியாததை அவருடைய பொறுமை செய்தது.

இங்கே ஒரு மறுப்பையும் கருத வேண்டும். "ஜப்பானியம், அமெரிக்கம் என்ற வேற்றுமையைப் பெரிதாக்குகிறார்கள், இன்றைய பன்னாட்டு அளவுமுறையில் இரண்டும் நெருங்கிவிட்டன, திருகாணி கெடுவதற்கு உண்மையான காரணம் தவறான அளவும் தேய்ந்த நுனியுமே" என்று சிலர் வாதிடுவர். இதில் பாதிக்குமேல் நியாயம் இருக்கிறது என்பதே என் கருத்து. ஆகையால் திருப்புளியைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு நான் ஒரு வரிசை சொல்வேன்: முதலில் அளவு, அடுத்து நுனியின் நலம், மூன்றாவதாக வகை, நான்காவதாகக் கை.

அளவு என்பது எண்ணால் குறிக்கப்படுவது. 3.5 முதல் 5 மில்லிமீட்டர் வரையுள்ள திருகாணிக்கு 2ஆம் எண்; எஞ்சின் உறையில் பெரும்பாலும் காணப்படும் 6 மில்லிமீட்டர்த் திருகாணிக்கு 3ஆம் எண்; மிகச் சிறியவற்றுக்கு 1ஆம் எண். நம் வீடுகளில் இருப்பது 2 மட்டுமே. அதைக் கொண்டு எஞ்சின் உறையைத் திறக்க முயன்று கெட்ட தலைகளை எந்தப் பட்டறைத் தரையிலும் பொறுக்கலாம். 3ஆம் எண் திருப்புளி ஒன்று வாங்கினாலே பாதித் துன்பம் தீரும்.

நுனியின் நலத்தை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. கழற்றிய திருகாணியை நுனியில் செருகி, திருப்புளியைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். காந்தம் இல்லாமலே திருகாணி விழாமல் நின்றால் பொருத்தம் நன்று. தொங்கி ஆடினால் ஐயம். விழுந்தால் அந்தத் திருப்புளியை வண்டிப்பக்கம் கொண்டுவராதீர்கள்.

வகையை அறியத் தலையைப் பாருங்கள். சிலுவைக்குப் பக்கத்தில் சிறு புள்ளி ஒன்று இருந்தால் அது ஜப்பானிய வகை. புள்ளி இல்லாததனாலேயே அவ்வகை அன்று என்று முடிவு செய்தல் கூடாது. ஜப்பானிய மரபு வண்டியானால் ஜப்பானிய நுனியையே எடுங்கள். சிலுவையின் இடையிடையே நான்கு மெல்லிய கோடுகள் கதிர்போல் காணப்பட்டால் அது மூன்றாவது இனமான போசிடிரைவ். ஐரோப்பிய மரச்சாமான்களில் மிகுதி. அதற்கு அதன் திருப்புளியே வேண்டும்.

கையைப் பொறுத்தவரை ஜப்பானியத் தொழிலாளர் சொல்லும் கணக்கு எளியது: ஏழு பங்கு அழுத்து, மூன்று பங்கு திருப்பு. நாமோ இதைத் தலைகீழாகச் செய்கிறோம். திருகுவதற்கு முன் பள்ளத்திலுள்ள அழுக்கை ஊசியால் கிளறி எடுங்கள். இரும்புத் திருகாணியும் அலுமினிய உறையும் ஈரத்தில் சேர்ந்திருக்கும்போது அலுமினியம் அரிக்கப்பட்டு, அரிப்பில் உண்டான பொருள் புரிகளுக்கிடையே அடைத்துக்கொள்ளும். அதற்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள். திருப்புளியை நேராக நிறுத்தி அதன் தலையில் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். பிடிப்புத் தளரும், நுனியும் ஆழ அமரும். அடிக்க அடிக்கச் சுழலும் இம்பாக்ட் டிரைவர் எஞ்சின் உறைக்கு நல்ல துணை. மென்மையான பிரேக் கிண்ணத்தின் மேல் அதை ஓங்கி அடிக்க வேண்டாம். முதல் வழுக்கலிலேயே நிறுத்துங்கள். இரண்டாம் முயற்சி அதே கருவியால் வேண்டாம். எங்களைக் கெடுத்தது முதல் வழுக்கலன்று. "இன்னும் ஒரு தடவை" என்ற எண்ணமே.

சிலுவைத் திருகாணிகளையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு அறுகோணக் குழியுள்ள ஆலன் போல்ட்டுகளைப் போட்டுவிடலாமே என்பாரும் உளர். போடலாம், பலர் போடுகிறார்கள். ஆனால் ஆலன் சாவி வழுக்காது. ஆகையால் அளவுக்கு மீறி முறுக்கத் தூண்டும். தலை பிழைக்கும், உள்ளே அலுமினியத்தின் மரை போய்விடும். திருகாணி புதிதாக வாங்கலாம். உறையின் மரையை எளிதில் வாங்க முடியாது. கருவியை மாற்றினாலும் கவனத்தை மாற்றாதவனுக்கு எந்தத் திருகாணியும் நிலைக்காது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் பொறியியலும் அறிவியலும் கற்க ஊரைவிட்டு இத்தனை தொலைவு வந்தவர்கள். திருப்புவிசையின் சூத்திரத்தைத் தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதுகிறோம். அதே திருப்புவிசை நம் மணிக்கட்டில் வந்து நிற்கும்போது அதை அடையாளம் கண்டுகொள்ளாமல், 'பட்டறைக்காரன் வேலை' என்று விலகிவிடுகிறோம். பட்டறையிலோ அந்தப் பையனுக்கு எவரும் கற்றுத்தரவில்லை. அவனுக்குச் சரியான கருவி வாங்கித் தரவும் ஆளில்லை. சூத்திரம் ஒருவனிடம், திருப்புளி மற்றொருவனிடம் என்று பிரிந்து கிடப்பதால் வரும் கேட்டை ஒரு முழங்கால் தாங்கியது. அடுத்தது எதைத் தாங்குமோ?

ஆதலால் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்மிடம் கேரம் பலகை இருக்கிறது, ஆர்மோனியம் இருக்கிறது, மூன்று அலமாரி நூல்கள் இருக்கின்றன. அவற்றோடு ஜப்பானிய நுனியுள்ள 1, 2, 3ஆம் எண் திருப்புளிகள் மூன்றும், ஒரு சுத்தியும், ஓர் ஊசியும் ஒரு பெட்டியில் வைக்கப்பட வேண்டும். வருபவர் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லட்டும். நுனி மழுங்கினால் புதிது வாங்கப்படட்டும். கேரம் அறையில் கிடக்கும் பழைய திருப்புளியைப் பெயிண்ட் டப்பா திறப்பதற்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு அது மிகவும் பொருத்தம்.

செயலாளர் இந்த வேண்டுகோளை அடுத்த கூட்டத்தில் முன்மொழிவதாகச் சொல்லியிருக்கிறார். வழிமொழிய நான் இருக்கிறேன்.